ஒன்பதாம் இலையும் பதினான்காம் இலையும்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
14.05.1995

யோகநாதன்,

இன்றைக்கு நான் நோரிச்சில், நம் ஆய்வுகூடத்தில், உமக்குப் பக்கத்து மேசையில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏன் என்று செய்தியில் பார்த்திருப்பீர்.

மாசியில் நான் புறப்பட்டபோது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குப் பாரிசவாதம், வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன என்று தெரிந்த பிறகு எப்படி வராமல் இருப்பது? அதோடு, நாம் இரண்டு வருடமாகத் துரத்துகிற மிளகாய் வைரஸின் சொந்த ஊரும் இதுதான். அப்பாவையும் பார்க்கலாம், தோட்டங்களில் இலையும் எடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று நின்றதில் சித்திரையில் சண்டை தொடங்கிவிட்டது.

இங்கிருந்து வெளியே போக இயக்கம் தருகிற பாஸ் வேண்டும். பாஸ் கந்தோருக்குப் போனேன்.

"என்ன வேலை செய்யிறீங்கள்?"

"வைரஸ் ஆராய்ச்சி. மிளகாயிலை இலைச்சுருள் நோய் வருகுதல்லோ, அந்த வைரஸின்ரை மரபணுவை எழுத்தெழுத்தா வாசிச்சு, அது எந்தக் குடும்பம், புதுசோ பழசோ எண்டு பார்க்கிறது."

"படிச்ச ஆக்கள் எல்லாரும் போனால் இஞ்சை ஆர் இருக்கிறது?"

ஒரு மாதத்துக்குத்தான் பாஸ் தருவார்களாம். திரும்பி வருவேன் என்று குடும்பத்தில் ஒருவர் பிணை வைக்க வேண்டுமாம். நான் வராவிட்டால் அவர்தான் பொறுப்பு. வீட்டில் எங்கள் இருவரையும் விட்டால் வேறு ஆளில்லை. அப்பா கட்டிலில் கிடந்தபடி, "நான் வைக்கிறன். இடக்கையாலை கையெழுத்துப் போடலாந்தானே" என்கிறார். ஒரு மாதத்தில் நான் திரும்ப மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும். பாரிசவாதக்காரனைப் பிணை வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

குளிர்பெட்டியில் இருக்கும் என்னுடைய குழாய்களைப் பார்த்துக்கொள்ளும். பேராசிரியரிடம் தாமதம் என்று மட்டும் சொல்லும். இதனுள் மூன்று இலை வைத்திருக்கிறேன். கொப்பித் தாளுக்குள் வைத்துக் காயவிட்டவை. காய்ந்ததில் ஏதாவது மிஞ்சுமோ தெரியாது.

மலர்


நோரிச்,
இங்கிலாந்து.
02.09.1995

அன்பின் மலர்,

உம்முடைய கடிதம் வர மூன்றரை மாதம். முதலில் சந்தோசமான செய்தி. காய்ந்த இலையில் வைரஸ் இருக்கிறது! மூன்றிலும் மரபணு பெருகி வந்தது. நான் நம்பவே இல்லை, இரண்டாம் தரமும் செய்து பார்த்தேன். நீர் அங்கே இருந்தபடியே இந்த ஆராய்ச்சியைச் செய்யலாம் போலிருக்கிறது. இன்னும் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்தத் தோட்டம், என்ன செடி என்று எழுதி அனுப்பும்.

பேராசிரியர் பங்குனி வரை உம்முடைய இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அவர் கெட்டவர் இல்லை. பேராதனையில் நாம் ஒன்றாகப் படித்த காலத்தில் ஒரு குளிர்பெட்டிக்கு எவ்வளவு அலைந்தோம் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு உதவி. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அம்மா பளையில் தனியாக இருக்கிறார். ஆறு மாதமாக ஒரு தகவலும் இல்லை. உம்முடைய விலாசத்தை அவருக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் வந்தால் ஒருக்கால் பாரும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

யோகநாதன்


உருத்திரபுரம்,
03.06.1996

யோகநாதன்,

உம்முடைய அம்மா எங்கள் வீட்டில் இருக்கிறார். பளையில் இருக்க முடியாமல் போய், சித்திரைக் கடைசியில் கிளாலியால் வள்ளத்தில் நீரேரியைக் கடந்து வந்தார். கையில் ஒரு பையும் நீர் எழுதிய கடிதமும். வாசிக்கத் தெரியாது என்பதால் வழியில் காண்கிற ஆட்களிடம் எல்லாம் அதைக் காட்டி விலாசம் கேட்டு வந்திருக்கிறார். படலையைத் திறந்து, "வீரம்மா நான். யோகன்ரை தாய். பிள்ளைதானே மலர்?" என்றார். அன்றிலிருந்து குசினி அவர் கையில். அப்பாவுக்கு நான் கஞ்சி பருக்கினால் வாயை மூடுகிறவர், அவர் பருக்கினால் குடிக்கிறார்.

இத்துடன் இலை மடித்த பதினாறு காகிதச் சரைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் இருக்கிறது. எந்த எண் எந்தத் தோட்டம், எந்தச் செடி என்ற பட்டியலும், தோட்டங்களையும் வாய்க்காலையும் கீறிய ஒரு படமும் தனித் தாளில் இருக்கின்றன. பட்டியலைப் பார்க்காமல் ஒன்றையும் தொட வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற இராசேஸ்வரி ரீச்சர் கண்ணுக்கு மருந்தெடுக்க வவுனியாவுக்குப் போகிறார். அவரிடம் கொடுத்து விடுகிறேன். அங்கிருந்து தபாலில் போடுவார்.

பங்குனி முடிந்துவிட்டது. என்னுடைய இடம் இருக்கிறதா?

மலர்


அக்கராயன்,
20.10.1996

யோகநாதன்,

ஆடிக் கடைசியில் கிளிநொச்சியில் ஷெல் விழத் தொடங்கியது. அப்பாவை மாட்டு வண்டிலில் கிடத்திக்கொண்டு வந்தோம். உம்முடைய அம்மா வண்டிலுக்குப் பின்னால் நடந்து வந்தார். இப்போது ஒரு மரத்தின் கீழ் கிடுகால் மறைத்துக்கொண்டு இருக்கிறோம். வெளிக்கள வேலைக்கென்று வைத்திருந்த குறிப்பேடு வீட்டிலேயே விடுபட்டுவிட்டது.

அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இராசேஸ்வரி ரீச்சரை இராணுவச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். பட்டியலாலும் படத்தாலும்தான். எண்கள், தூரங்கள், வாய்க்கால், வரம்பு. நான் மிளகாய்த் தோட்டம் கீறினேன். பார்த்தவர்களுக்கு அது வேறு ஏதோ. பத்தொன்பது நாள் வைத்திருந்தார்களாம். பட்டியலையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, இலைகளை மட்டும் குப்பை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதையும் எறியவில்லை, யோகநாதன். நொறுங்கிய துண்டுகளை அந்தந்தச் சரையில் மடித்து உமக்குத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். கண்ணுக்கு மருந்தெடுக்கவில்லை. கொடுத்த நாள் தவறிவிட்டது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே பிள்ளை" என்றார். என்னுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளிச்சம் வந்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது.

பட்டியலை நினைவிலிருந்து திரும்ப எழுதி அனுப்புகிறேன். அதுவரை அந்த இலைகளை வைத்து ஒரு முடிவும் எழுத வேண்டாம். பொறும்.

மலர்


நோரிச்,
11.02.1997

அன்பின் மலர்,

இந்தக் கடிதத்தை ஐந்தாறு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

உம்முடைய பதிவை மூடிவிட்டார்கள். போன ஆவணியில். அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பேராசிரியர் உம்முடைய பெட்டியை என்னிடம் தந்து, "இதை முடிக்க ஒருவர் வேண்டும். நீ இல்லாவிட்டால் வேறு ஒருவன்" என்றார். என்னுடைய சொந்த வேலை ஒன்றரை வருடமாக எங்கும் போகவில்லை, உமக்குத் தெரியும். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பதினாறில் பதினான்கு ஏற்கெனவே தெரிந்த வைரஸோடு ஒத்துப்போகின்றன. ஒன்பதும் பதினான்கும் வேறு. நூற்றுக்கு எண்பத்தொன்று மட்டும்தான் ஒற்றுமை. அப்படியென்றால் புதிய இனம், மலர். வன்னி மிளகாயில் ஒரு புதிய வைரஸ். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என்னுடைய பெயரும் பேராசிரியருடைய பெயரும் இருக்கின்றன. உம்முடைய பெயர் நன்றியுரையில் இருக்கிறது. கையெழுத்துப் போட நீர் இங்கே இல்லை என்றார்கள். நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

உம்முடைய பட்டியல் வரவில்லை. மார்கழி வரை பார்த்தேன். எல்லாம் மிளகாய்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைத் திட்டி எழுதும். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம். அம்மா எப்படி இருக்கிறார்?

யோகநாதன்


மல்லாவி,
18.01.1998

யோகநாதன்,

ஒரு வருடத்துக்கு மேலாக நான் எழுதவில்லை. உம்முடைய நான்கு கடிதங்களும் வந்தன.

அம்மாவுக்கு உம்முடைய கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், அது உமக்கு நினைவிருக்கிறதா? கட்டுரைச் செய்தியோடு அந்தக் கடிதம் வந்த அன்று வழமை போல எதிரே வந்து இருந்து, "வாசி பிள்ளை" என்றார். நான் முதலில் ஒருமுறை கண்ணால் ஓட்டினேன். பிறகு, "அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம், இங்கே குளிர்" என்று இல்லாத கடிதம் ஒன்றை வாசித்தேன். அடுத்த மூன்றையும் அப்படித்தான். உமக்காக நான் என்னுடைய வாயால் பொய் சொல்லவேண்டி வந்தது.

நான்காவது கடிதத்தின்போது அவர் என்னுடைய கையைப் பிடித்துக் கொண்டார்.

"அவன் உனக்கு என்னவோ செய்துபோட்டான். என்ன?"

"ஒண்டுமில்லை மாமி."

"நீ வாசிக்கேக்கை தாளைப் பார்க்கிறேல்லை. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் தெரியும்."

சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. எழும்பிப் போய் அடுப்பை ஊதினார். அன்று முழுக்க உம்முடைய பெயரைச் சொல்லவில்லை.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கிறேன். மின்சாரம் இல்லை. கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். நாளுக்கு நூறு சிலைட். ஒட்டுண்ணியைப் பார்த்து, இது எந்த இனம் என்று எழுத வேண்டும். ஒரு வகையில் நான் படித்த தொழில்தான். இங்கே பிழையாக எழுதினால் பின்னேரமே தெரிந்துவிடும்.

இனி உம்முடைய கட்டுரை. நான் மார்கழியில் எழுதிய பட்டியல் உமக்குக் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. இப்போது சொல்கிறேன். ஒன்பதும் பதினான்கும் மிளகாய் அல்ல. குப்பைமேனி. தோட்ட வரம்பில் மஞ்சள் நரம்போடு நின்றதைப் பிடுங்கி, இதில் இருப்பதும் மிளகாய்க்குள் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வைத்தேன். ஒன்றல்ல என்று நீரே கண்டிருக்கிறீர். நீர் கண்டது புதிய வைரஸ்தான். ஆனால் அது மிளகாயில் இல்லை. உம்முடைய கட்டுரையை நம்பி யாராவது நோய் தாங்கும் மிளகாய் தேடினால், வராத நோய்க்கு மருந்து தேடுகிற மாதிரி.

பொறும் என்று எழுதியிருந்தேன்.

மலர்


நோரிச்,
30.06.1998

அன்பின் மலர்,

மிச்சமிருந்த துணுக்குகளை எடுத்து, இந்த முறை வைரஸை விட்டுவிட்டுச் செடியின் மரபணுவை வாசித்தேன். நீர் சொன்னது சரி. இரண்டும் குப்பைமேனி. முடிவு வந்த தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். இன்றோடு ஏழு கிழமை.

வருகிற தையில் எனக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் கட்டுரைக்காகத்தான். பிழை என்று இப்போது எழுதினால் அது இல்லை. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் நான் எங்கே போவது? கொழும்பில் ஒரு அறைக்குள் பொலிஸ் பதிவோடு இருப்பதா? நான் வெளியே இருக்கிறேன் என்று நீர் நினைப்பீர். இந்தக் கட்டடத்துக்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. இதை உம்மிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

என்ன செய்யட்டும்? நீர் சொன்னபடி செய்கிறேன்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

யோகநாதன்


மல்லாவி,
22.12.1998

யோகநாதன்,

அப்பா கார்த்திகை ஒன்பதாம் திகதி போய்விட்டார். காய்ச்சல். அவருடைய இரத்தத்தை நான்தான் பார்த்தேன். மலேரியாவில் ஆளைக் கொல்லுகிற கூடாத இனம். நான்கு தரம் பார்த்தேன், நான்கு தரமும் அதுதான். மருந்து இருந்தது, உடம்பில் இடம் இல்லை.

நீர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர். சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீர் செய்தால் அதுவும் என்னுடைய தலையில் வந்து நிற்கும். அந்தத் தாளை வாசித்தவர் நீர்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள், "இனி உனக்கு இஞ்சை என்ன இருக்கு, வெளிக்கிட்டுப் போ" என்றார்கள். இனித்தான் போகவே ஏலாது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பிணை நிற்க இருந்த ஒருவரும் போய்விட்டார்.

போன கிழமை உம்முடைய அம்மா சீலை மாற்றிக்கொண்டு வந்து, "எழும்பு, கந்தோருக்குப் போவம்" என்றார். அங்கே போய், "நான் இவவுக்குத் தாய் மாதிரி. நான் பிணை நிக்கிறன்" என்றார். உறவு இல்லையே என்றார்கள். "ரெண்டரை வரியமா ஒரு பானையிலை சாப்பிடுறம். உறவு எண்டால் வேறை என்ன?" என்றார். பெருவிரல் அடையாளம் வைத்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அவன் எடுத்ததை நான்தானே குடுக்க வேணும். நீ போ. திரும்பி வராதை."

தை முடிவில் புறப்படுகிறேன். முப்பது நாள் பாஸ்.

மலர்


நோரிச்,
16.02.1999

அன்பின் மலர்,

நீர் தந்தியில் அறிவித்த வவுனியா நெளுக்குளத்து முகாம் விலாசத்துக்கு அவசரத் தபாலில் அனுப்புகிறேன். வந்து சேர்ந்துவிட்டீர் என்பதே பெரிய ஆறுதல்.

திருத்தத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். குப்பைமேனி வைரஸ் என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறேன். உம்முடைய பெயர் முதலில், என்னுடையது பிறகு. பேராசிரியர் தன்னுடைய பெயரை எடுத்துவிடச் சொன்னார். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. ஆவணி வரை விசா இருக்கிறது, அதற்குப் பிறகு பார்ப்போம். நித்திரை வருகிறது, அது போதும்.

லண்டனில் ஒரு ஆய்வுகூடம் திருத்தத்தை வாசித்துவிட்டு உம்மை எடுக்கத் தயாராக இருக்கிறது. அவர்களுடைய கடிதமும் உள்ளே இருக்கிறது. கொழும்புக்குப் போக வவுனியாவில் இன்னொரு பாஸ் வேண்டும் என்று தெரியும். இந்தக் கடிதத்தைக் காட்டும். கிடைத்தால் போம். அம்மா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், திரும்பிப் போக வேண்டாம்.

யோகநாதன்

மறந்துவிட்டேன். நீர் வராவிட்டால் அம்மாவை என்ன செய்வார்கள்? சும்மா கேட்கிறேன்.


மல்லாவி,
09.03.1999

யோகநாதன்,

விலாசத்தைப் பார்த்ததும் உமக்கு விளங்கியிருக்கும்.

வன்னியிலிருந்து வருகிறவர்களை வைத்திருக்கும் அந்த முகாம் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்கு ஒன்பது குடும்பம். வாசலில் கையெழுத்து வைத்துத்தான் கடைத்தெருவுக்குப் போகலாம், நாலு மணிக்கு முன் வந்துவிட வேண்டும். லண்டன் கடிதத்தைக் காட்டினேன். மூன்று தரம் வரச் சொன்னார்கள். இருபத்தைந்தாம் நாள் கொழும்புப் பாஸ் கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டு புகையிரத நிலையத்துக்குப் போய் நின்றேன். ரயில் நின்றது. மேடையில் ஒரு மர வாங்கில் இருந்தேன். கூவிக்கொண்டு ரயில் போகும்வரை இருந்தேன்.

நீர் கடைசியில் எழுதிய அந்த வரியால் என்று நினைக்க வேண்டாம். அதை வாசித்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் நீர் கேட்ட கேள்வியை நான் முகாமுக்கு வந்த முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்ய மாட்டார்கள், கிழவிதானே என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள் இராசேஸ்வரி ரீச்சரின் கண் நினைவுக்கு வரும். அவருக்கும் ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன்.

நான் பெரிய மனசுக்காரி இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், மன்னார்ப் பக்கத்தால் சுற்றி வருகிற முழு வழியிலும், உம்மையும் உம்முடைய அம்மாவையும் என்னையும் திட்டிக்கொண்டுதான் வந்தேன். அந்தப் பெருவிரலை அவர் வைக்காமல் இருந்திருந்தால் நான் இப்படி ஒருமுறை வெளியைப் பார்த்துவிட்டு வந்திருக்க மாட்டேன்.

என்னைக் கண்டதும் அவர் கையில் இருந்த சுளகைக் கீழே போட்டார்.

"விசரி! ஏன் வந்தனீ? ஏனடி வந்தனீ?"

இரண்டு கையாலும் என்னுடைய தோளில் அடித்தார். பிறகு அதே கையால் பிடித்துக்கொண்டார். திருத்தத்தின் பிரதியைக் காட்டினேன். "இதிலை அவன் எங்கை?" என்று கேட்டார். உம்முடைய பெயரைத் தொட்டுக் காட்டினேன். "முன்னுக்கு நிக்கிறது ஆர்?" "நான்." கொஞ்ச நேரம் அந்த எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அவனுக்கு எழுது. அம்மா சுகமாம் எண்டு எழுது" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு உமக்கு அவர் சொல்லிவிட்ட முதல் செய்தி இது. நான் இட்டுக்கட்டவில்லை.

அடுத்த நாள் இருவரும் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்தவர் பேரேட்டைப் புரட்டி நாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருபத்தெட்டாம் நாள். ஏன் அக்கா வந்தனீங்கள்?"

இந்தக் கேள்வியை அவர்களே கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, வீரம்மா என்ற பெயரின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினார். நேராகக் கீறினார். மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த முறைக்கும் நான்தான், தம்பி. இப்பவே எழுதுங்கோ" என்றார் உம்முடைய அம்மா.

"இப்ப புதுசாப் பாஸ் குடுக்கிறேல்லை, அம்மா."

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் இல்லாத ஒரு மாதத்தில் இரத்தம் பார்க்க ஆளில்லாமல், காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் வந்தது கேள்விப்பட்டு அன்று காலை எடுத்த தொண்ணூற்றாறு சிலைட் மேசையில் இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தேன். வெயில் இறங்க முதல் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன்.

மலர்